படுவான்கரையின் புராதன ஸ்தலங்களும் அவற்றின் பாதுகாப்பும்

(நாவிதன்வெளியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



புராதன ஸ்தலங்கள் என்று சொன்ன மாத்திரத்தில் நம் மனக்கண்முன் எழுவன அநுராதபுரத்துத் தாதுகோபங்களும், பொலன்னறுவையின் சிவாலயங்களும், தஞ்சையின் விமானமும், காலிக் கோட்டையின் மதில்களுமேயன்றி, கல்முனையிலிருந்து சேனைக்குடியிருப்பு வழியாகக் கிட்டங்கியைக் கடந்து வந்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் வயலாக விரிகின்ற இந்தப் பிரதேசம் அல்ல. இங்கே கோட்டை இல்லை. அரசன் வீற்றிருந்த தலைநகர் இல்லை. பிரயாணிகள் படம் பிடித்துச் செல்லும் சிதைந்த மாளிகை இல்லை. ஆதலால் நாவிதன்வெளியில் நின்றுகொண்டு சரித்திரச் சின்னங்களின் பாதுகாப்பைப் பற்றி ஒருவன் பேச முற்படும்போது, பாதுகாக்க இங்கே என்ன இருக்கிறது என்ற வினா உங்களுட் பலருக்கு எழுவது இயல்பே. அந்த வினாவுக்கு விடை சொல்வதும், விடை சொன்னபின் அப்படிப் பாதுகாக்க வேண்டியவர் யார் என்று விசாரிப்பதுமே என் நோக்கம்.

முதலில் இந்த மண்ணின் இருப்பிடத்தைச் சிந்தியுங்கள். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. மேற்கே, சூரியன் மறையும் திசையிலுள்ள வயல்நிலம் படுவான்கரை. எழுவான்கரையிலே ஜனங்கள் நெருங்கி வாழ்ந்தார்கள். படுவான்கரையிலே அவர்களுக்குச் சோறு விளைந்தது. 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை இவையெல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்தின் அங்கங்களாகவே இருந்தன. அந்தப் பிரிவினை கச்சேரியை மாற்றியது, வாவியை மாற்றவில்லை. இன்றும் மாரிகாலத்து வெள்ளம் கிட்டங்கித் தாம்போதியின் மேலாகப் பாயும்போது, கரையோரத்து மனிதனும் வயலோரத்து மனிதனும் ஒருவருக்கொருவர் எவ்வளவு வேண்டியவர்கள் என்பதை இரு சாராருமே உணர்கிறார்கள்.

கிட்டங்கி என்னும் இந்தத் துறையையே நான் முதற் புராதன ஸ்தலமாகக் கொள்கிறேன். கல்லிலே செதுக்கிய எழுத்து ஒன்றும் அங்கே இல்லை என்பது மெய்தான். ஆனால் நெல் சென்றதும், மீனும் உப்பும் கைத்தறிச் சேலையும் வந்ததும், மணப்பெண்ணும் நோயாளியும் பள்ளிக்கூடத்து ஆசிரியரும் கடந்ததும் இவ்வழியே. ஒரு பிரதேசத்தின் ஜீவிதம் முழுவதும் பல தலைமுறைகளாக ஓரிடத்தைக் கடந்து சென்றிருக்குமானால், அந்த இடத்துக்குச் சரித்திரம் இல்லை என்று எவர் சொல்ல வல்லார்?

இனி, சொறிக்கல்முனைக்கு வாருங்கள். வயல்களின் நடுவே நிற்கும் திருச்சிலுவைத் திருத்தலத்துக்கு, ஆண்டுதோறும் செப்டெம்பர் மாதத்து உற்சவ நாட்களிலே கத்தோலிக்கர் மாத்திரமா வருகின்றனர்? நேர்த்திக்கடன் வைத்த இந்துக் குடும்பங்களும் வருகின்றன. வடக்கே மண்டூரிலே, சின்னக் கதிர்காமம் என்று பக்தர் போற்றும் முருகன் ஆலயத்திலே, கப்புகனார் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மந்திரமின்றி மௌனமாகப் பூசை செய்யும் சம்பிரதாயம் இன்றும் நடைபெறுகின்றது. ஆகம விதிப்படி அமைந்த பெருங்கோயில்களிற் காண முடியாத இவ்வழக்கம், கட்டடத்தைவிடப் பழமையானது என்றே நான் எண்ணுகிறேன். கட்டடத்தை இடித்து மறுபடியும் கட்டிவிடலாம்; பூசைமுறை ஒரு தலைமுறையில் அறுந்துபோனால் அதை மீட்டெடுக்க எந்தச் சிற்பியாலும் இயலாது.

வாவியின் அப்பாலும் நோக்குவோம். ஏனெனில் இந்தப் பிரதேசத்துச் சரித்திரத்தைக் கரையோரத்திலிருந்து பிரித்து எழுத முடியாது. கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளியிலே, நாகூர் சாஹுல் ஹமீத் ஆண்டகையின் நினைவாக ஜமாதுல் ஆகிர் மாதத்துத் தலைப்பிறையில் கொடி ஏறுகின்றது. நாகூரிலே அடக்கமாகியிருக்கும் ஒரு மகானுக்கு, கடல் கடந்த இவ்வூரார் ஒரு நினைவிடம் அமைத்துத் தலைமுறை தலைமுறையாகக் கந்தூரி நடத்திவருவதிலே, சோழமண்டலக் கரைக்கும் கிழக்கிலங்கைக் கரைக்கும் இடையே இருந்த தோணிப் போக்குவரத்தின் சரித்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பாண்டிருப்புத் திரௌபதையம்மன் ஆலயத்திலே பாரதக் கதையைப் பதினெட்டு நாட்கள் நடித்துக் காட்டித் தீமிதிப்போடு முடிக்கிறார்கள். காரைதீவிலே, வைகாசி மாதத்துக் கண்ணகியம்மன் குளிர்த்தி. அதே ஊரிலே 1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் திகதி பிறந்து, யாழ் நூலை ஆக்கித் தந்த விபுலானந்த அடிகளாரின் நினைவு. இன்னும் தெற்கே திருக்கோவிலிலே, பறங்கியர் காலத்தில் அழிவுற்று மீண்டெழுந்த சித்திரவேலாயுத சுவாமி ஆலயம். அதன் அயலிலே தம்பிலுவிலிற் கிடைத்த, விஜயபாகு என்னும் மன்னனின் 10ஆம் ஆட்சியாண்டைக் குறிப்பிடும் தமிழ்ச் சாசனம். மேற்கே தீகவாபியிலே, சத்தாதிஸ்ஸ மன்னன் எடுப்பித்ததாக வரலாறு சொல்லும் பெருந்தாதுகோபமும், அங்கே வெளிப்பட்ட கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பொற்றகட்டுச் சாசனமும். பௌத்தமும் சைவமும் இஸ்லாமும் கிறிஸ்தவமும் இப்படி ஒரு நாள் வண்டிப் பயணத்துக்குள் ஒன்றையொன்று நோக்கி நிற்கும் நிலப்பகுதி இத்தீவிலே அதிகம் இல்லை.

ஆனால் இவற்றையெல்லாம் கண்டவர்களுங்கூட வழக்கமாகக் காணாது விட்டுவிடும் ஒரு சரித்திரம் உங்கள் காலடியிலேயே கிடக்கின்றது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையிலே மறித்துச் சேனாநாயக்க சமுத்திரத்தை உண்டாக்கும் பொருட்டு 1949ஆம் ஆண்டிலே கல்லோயா அபிவிருத்திச் சபை ஸ்தாபிக்கப்பட்டது. சுதந்திர இலங்கையின் முதலாவது மாபெரும் நீர்ப்பாசனப் பிரயத்தனம் அதுவே. அந்தத் திட்டத்தின் குழந்தைகளே உங்கள் 4ஆம் கொலனியும், 5ஆம் கொலனியும், 7ஆம் கிராமமும். மத்தியமுகாம் என்ற பெயரே அந்தக் காலத்தின் சாசனம். எண்ணையே பெயராகக் கொண்ட ஊருக்குச் சரித்திரம் ஏது என்று வெளியூரார் நினைக்கக்கூடும். காட்டை வெட்டி, யானைக்கு அஞ்சிப் பரணிலே விழித்திருந்து, மலேரியாவோடு போராடி, முதற் போகத்தை அறுத்த தமிழ்க் குடியானவர்களும் முஸ்லிம் குடியானவர்களும் அந்த எண்களுக்குள்ளே உறங்குகிறார்கள். 1956ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே கல்லோயாப் பள்ளத்தாக்கில் மூண்ட வன்செயலையும், 1990ஆம் ஆண்டின் கொடுமைகளையும், அகதிகளாக ஓடி மீண்டு வந்த நாட்களையும் பார்த்தவர்கள் அவர்கள். அவர்களுட் சிலரே இன்று நம்மிடையே எஞ்சியிருக்கின்றனர். வாய்க்காற் கட்டும், மதகும், முதற் குடியேற்றத்தாருக்குக் கட்டிக்கொடுத்த சிறு வீடும், காணி அனுமதிப் பத்திரமும் சரித்திரச் சின்னங்கள் அல்லவென்றால், எதைத்தான் நாம் சரித்திரச் சின்னம் என்போம்?

இங்கேதான் சட்டத்தின் குறைபாடு தென்படுகின்றது. தொல்பொருட் பரிபாலனத்துக்கென இந்நாட்டில் 1890ஆம் ஆண்டு முதல் ஒரு திணைக்களம் இயங்கி வருகின்றது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் புராதனப் பொருட்கள் கட்டளைச் சட்டம் இன்றும் திருத்தங்களோடு அமுலில் இருக்கின்றது. அந்தச் சட்டத்தின் பெருமையை நான் குறைத்துப் பேசமாட்டேன். அது இல்லாதிருந்தால் எத்தனையோ தூண்கள் படிக்கற்களாகியிருக்கும். ஆயினும் அது ஒரு குறித்த ஆண்டெல்லையை வகுத்து, அதற்கு முற்பட்டவற்றையே இயல்பான புராதனமாகக் கொள்கின்றது. சொறிக்கல்முனையின் உற்சவமும், மருதமுனையின் கைத்தறிக் குழியும், 7ஆம் கிராமத்து மதகும் அந்த எல்லைக்குள் அடங்குவதில்லை. பழமையை ஆண்டுக் கணக்கால் மாத்திரம் அளக்கும் சட்டம் அரசர்களின் சரித்திரத்தைக் காப்பாற்றும். உழவர்களின் சரித்திரத்தைக் காப்பாற்றாது.

இதனினும் வருந்தத்தக்கது மற்றொன்று. தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டதும் நம் விவசாயிகளின் நெஞ்சிலே பெருமிதம் எழ வேண்டியிருக்க, அச்சமே எழுகின்றது. வயலை உழும்போது பழைய செங்கல்லோ தூண்துண்டோ அகப்பட்டால், அதைப் பிறருக்குக் காட்டினால் பரம்பரைக் காணி கைவிட்டுப் போகுமோ என்று அஞ்சி, மீண்டும் மண்ணுக்குள்ளேயே புதைத்துவிட எண்ணும் ஒருவனை நாம் குறை கூற முடியுமா? 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் மரபுரிமைகளை முகாமை செய்வதற்கென ஜனாதிபதி செயலணியொன்று நியமிக்கப்பட்டபோது, தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் இம்மாகாணத்தைப் பற்றிய அச்செயலணியின் முதற் பட்டியலிலே ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. அந்தப் பட்டியலை வாசித்த நாளிலே இந்தக் கரையில் எத்தனை வீடுகளில் உறக்கம் கெட்டது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒரு தாதுகோபத்தைக் காப்பது புண்ணியம். அதைச் சுற்றி வாழ்பவரைச் சந்தேகத்துக்குரியவராக்கிக் காக்க முற்படுவது காப்பு ஆகாது. அயலவர் நேசிக்காத சின்னத்துக்கு வேலி போடலாம்; ஆயுள் கொடுக்க முடியாது. தீகவாபியைச் சூழ்ந்த வயல்களைத் தலைமுறைகளாக உழுது வந்த முஸ்லிம் விவசாயியும் அந்தத் தாதுகோபத்தின் அயலவனே; அவனை அந்நியனாக்காமல், அதன் சரித்திரத்திலே அவனுக்கும் ஒரு பங்கை ஒப்புக்கொண்டிருந்தால், அந்த இடத்துக்கு அவனைவிட நல்ல காவலாளி அகப்பட்டிருக்கமாட்டான்.

ஆயினும் குற்றம் முழுவதையும் அரசாங்கத்தின்மேற் சுமத்திவிட்டு நாம் கைகழுவிவிடலாகாது. நம்முடைய புராதனங்களுக்கு நம்முடைய பக்தியே பல சமயங்களில் பகையாகின்றது. கும்பாபிஷேகம் என்ற பெயராலே பழைய மரத்தூண்கள் கழற்றி எறியப்பட்டுக் கொங்கிறீற்றுத் தூண்கள் எழுகின்றன. ஓடு வேய்ந்த தாழ்வாரத்தோடு காற்றோட்டமாக நின்ற பள்ளிவாசல் இடிக்கப்பட்டு மாடிக் கட்டடம் எழும்புகின்றது. தேவாலயத்தின் பழைய பலிபீடம் மாபிள் கல்லுக்கு இடங்கொடுத்து மறைகின்றது. கட்டுகிறவர்களின் நோக்கம் தூயது; ஜனத்தொகை பெருகியதும் உண்மை. ஆயினும், இடிப்பதற்கு முன்னே ஒரு நாள் பொறுத்து, அளவெடுத்து, படம்பிடித்து, இன்ன ஆண்டில் இன்னார் காலத்தில் இது எழுந்தது என்று ஒரு கொப்பியிலே எழுதிவைக்கவாவது நமக்கு மனம் வரவில்லையே! கடற்கரைப் பள்ளியைப் போன்ற தர்காக்களில் நடைபெறும் வழிபாட்டைப் பற்றி முஸ்லிம் பெருமக்களுக்குள்ளேயே சன்மார்க்க ரீதியான கருத்து வேற்றுமை உண்டு என்பதை நான் அறிவேன். அதிலே தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை, விருப்பமும் இல்லை. ஒன்றை மாத்திரம் வேண்டிக்கொள்வேன்: கந்தூரியை ஏற்காதவரும், அந்தக் கட்டடம் தம் பாட்டனாரின் சரித்திரம் என்பதை மறுக்காதிருப்பாராக.

கடலின் செய்கையைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி காலையிலே ஆழிப்பேரலை மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் செய்ததற்குச் சாட்சியாக, இழந்தவர்கள் இங்கேயே அமர்ந்திருக்கிறீர்கள். உயிர்களோடு உறுதிகளும், புகைப்படங்களும், பழைய ஏடுகளும், மருதமுனை நெசவாளரின் தறிகளும் போயின. அன்று தொடக்கம், கரையோரத்திலே மாத்திரம் ஒரு பிரதி வைத்திருப்பது ஒரு பிரதியும் வைத்திராததற்குச் சமம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கரையிலே, தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், குடிவழி தாயைச் சார்ந்தது. வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகச் செல்வது. மகளுக்கு மணமாகும்போது பெற்றோர் வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவிலோ அயலிலோ வேறொரு குடிலில் ஒதுங்குகிறார்கள், மருமகன் வந்து சேர்கிறான், வீடு புதுப்பிக்கப்படுகின்றது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டைப் போல ஒரே உருவத்தில் நூற்றாண்டு நிற்கும் வீடுகள் இங்கே அரிதாயிருப்பதற்கு வறுமை மாத்திரம் காரணமன்று. ஒவ்வொரு கல்யாணத்தோடும் வீடு மறுபிறவி எடுக்கும் இந்த அழகிய முறையும் காரணம். ஆகவே நிலச் சொந்தக்காரரான நம் போடிமாரின் பழைய வீடுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது போல் உறையவைக்க வேண்டுமென்று நான் கேட்கவில்லை. திண்ணையும் முற்றமும் கிணறும் எப்படி அமைந்தன, எந்தக் குடிக்கு எந்த வழியாக அந்த வளவு இறங்கியது, எந்த மகளின் கல்யாணத்திலே எந்த அறை சேர்ந்தது என்பவற்றை அந்த வீட்டுப் பெண்களின் வாயாற் கேட்டு எழுதிவிட்டால், செங்கல்லைக் காட்டிலும் நீடித்த ஒரு சின்னம் கிடைத்துவிடும். இந்த விஷயத்திலே சரித்திராசிரியர்கள் ஆண்களிடமே விசாரித்து வந்தது பெருந்தவறு.

வயலுக்கும் இது பொருந்தும். எருமைகளைப் பிணைத்துச் சூடு மிதித்த காலம் போய், அறுவடை இயந்திரம் வயலுக்குள்ளேயே நெல்லைக் கொட்டிவிட்டுப் போகும் காலம் வந்தபின், களவெட்டி என்ற ஸ்தலமே மறைந்து வருகின்றது. வயல் மேற்பார்வையாளரான வட்டை விதானையின் அதிகாரம் எதுவரை, வயற் பணியாளரான முல்லைக்காரனின் பங்கு எவ்வளவு, பொலியைத் தூற்றும் வேளையிலே எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்பனவெல்லாம் தமிழ் விவசாயியும் முஸ்லிம் விவசாயியும் ஒரே களத்தில் நின்று அனுசரித்தவை. மதத்தாற் பிரிந்தோரை வரம்பு ஒன்றாக்கிய அந்த ஒழுங்குமுறையை எழுதிவைக்காமல் விடுவோமானால், நாம் எப்போதும் பகைத்தே வாழ்ந்தோம் என்று நாளைக்கு ஒருவன் எழுதுவான். அதை மறுக்க நம்மிடம் ஆதாரம் இராது.

பிற தேசத்தார் இவ்வகையிற் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே 1966ஆம் ஆண்டில் இயற்றிய ஒரு சட்டத்தின்படி, சரித்திர ஸ்தலங்களுக்கென ஒரு தேசியப் பதிவேடு தொடங்கப்பட்டது. பேரரசியற் சம்பவங்கள் நிகழ்ந்த இடங்கள் மாத்திரமின்றி, ஒரு கிராமத்துக்கு மாத்திரமே முக்கியமான தேவாலயமும் பாலமும் பள்ளிக்கூடமும் அதில் இடம்பெறலாம். பொதுவாக ஐம்பது ஆண்டு கடந்திருந்தாற் போதும். கல்லோயாக் கொலனிகள் அந்த அளவுகோலால் எப்போதோ புராதனமாகிவிட்டன! தென் மாநிலங்களின் நாட்டுப்புறங்களிலே, பருத்தித் தோட்ட முதலாளிகளின் தூண் நிறைந்த மாளிகைகளே நெடுங்காலம் பேணப்பட்டன; அந்தத் தோட்டங்களில் அடிமைப்பட்டு உழைத்த கறுப்பின மக்களின் இடங்கள் கவனிப்பாரற்றுப் பாழாயின. ஆயினும் 1912 முதல் 1932 வரை, ஜூலியஸ் றோசன்வால்ட் என்ற வர்த்தகரின் நன்கொடையோடு, அம்மக்கள் தாமும் காசும் மரமும் உடலுழைப்பும் தந்து தம் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடங்கள் முதலிய ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சிறு கட்டடங்களை எழுப்பியிருந்தார்கள். வெள்ளையருக்கும் கறுப்பினத்தாருக்கும் வெவ்வேறு பள்ளிக்கூடங்கள் நடத்தும் முறை நீங்கிய பின் அவை கைவிடப்பட்டன. அழிந்தவை போக எஞ்சியவற்றை, அப்பள்ளிகளிற் படித்த முதியவர்களே ஊர்தோறும் கூடி, கூரை வேய்ந்து, பதிவு செய்து மீட்கத் தொடங்கினார்கள். 2002ஆம் ஆண்டிலே அந்நாட்டின் சரித்திரச் சின்னப் பாதுகாப்புக்கான நம்பிக்கை நிறுவனம் அவற்றை அபாயத்திலுள்ள ஸ்தலங்களின் பட்டியலிற் சேர்த்தது. பெரியவர்களின் பட்டியல் பின்னால் வந்தது. ஊரார் முன்னால் நடந்தார்கள். அங்கேயுங்கூட, பெயர் பதிவேட்டில் ஏறியதனால் மாத்திரம் ஒரு கட்டடம் இடிபடாமல் தப்பிவிடுவதில்லை. சொந்தக்காரன் விரும்பினால் இடிக்கலாம். காப்பாற்றியது அயலாரின் அக்கறைதான்.

ஆகையால் இந்தச் சபையின் முன் ஒரு விண்ணப்பத்தை வைக்கிறேன். நாவிதன்வெளிப் பிரதேசத்துக்கென ஓர் ஊர்ப் பதிவேடு ஆரம்பிக்கப்பட வேண்டும். அதை எழுதும் சபையிலே இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூவரும் இருக்க வேண்டும். ஆண்களுக்குச் சமமாகப் பெண்களும் இருக்க வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் அது எழுதப்பட வேண்டும், ஏனெனில் நம்மைப் பற்றி நாம் எழுதியதை நம் சகோதர இனத்தார் வாசிக்க முடியாவிட்டால் அவர்கள் மற்றவர் சொல்வதையே நம்புவார்கள். ஒரு நிபந்தனையை நான் வற்புறுத்துவேன்: எந்த ஸ்தலத்தைப் பற்றிய குறிப்பையும் அந்த ஸ்தலத்தைச் சாராத ஒருவரே முதலில் எழுதட்டும். சாளம்பைக்கேணிப் பள்ளிவாசலைப் பற்றி அன்னமலை மாணவன் விசாரித்து எழுதட்டும். அன்னமலைக் கோயிலைப் பற்றி வீரத்திடல் மாணவி எழுதட்டும். சொறிக்கல்முனையைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதட்டும். எழுதியதை அந்த ஊர்ப் பெரியோர் வாசித்துத் திருத்திக் கையொப்பமிடட்டும். இவ்வாறு எழுதிய பதிவேட்டிலே உரிமைக் கோரிக்கைகள் குறையும், சாட்சியங்கள் பெருகும். தன் சொந்த இடத்தைப் பற்றி ஒருவன் எழுதும்போது எழுத்து நீளும், ஆண்டுகளும் கூடிக்கொண்டே போகும்; அயலவன் கண்ணாலே பார்த்து எழுதியதை எந்த விசாரணைச் சபையும் எளிதில் தள்ளிவிட முடியாது.

பணம் அதிகம் வேண்டியதில்லை. கைத்தொலைபேசியிலே படம் எடுக்கத் தெரியாத பிள்ளை இந்த மண்டபத்தில் இல்லை. 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் மின்வடிவிலே சேகரித்துவரும் நூலகம் நிறுவனத்தின் பணி உங்களுக்கு முன்மாதிரியாக இருக்கிறது. தம் மக்களின் பூர்வீக வாழ்க்கையைக் காட்டக் காத்தான்குடியார் அமைத்த பூர்வீக நூதனசாலையும் ஒரு நாட் பயணத்தில் உள்ளது. மட்டக்களப்பு மான்மியம் என்னும் பழைய நூல் 1962இலே எஃப். எக்ஸ். சி. நடராசா அவர்களால் பதிப்பிக்கப்பட்டிராவிட்டால், ஏட்டுச் சுவடிகளோடு நம் குடிமரபுகளைப் பற்றிய எத்தனை செய்திகள் செல்லரித்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். அதற்கடுத்து 1964இலே வீ. சீ. கந்தையா அவர்கள் மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூலை எழுதினார்கள். அவ்விருவரும் அன்று செய்ததை, கொலனிகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் வயல்களுக்குமாக நீங்கள் இன்று செய்ய வேண்டும்.

தொடக்கம் எங்கே என்று கேட்டால், கொலனிகளின் முதற் குடியேற்றத்தாரிடமே தொடங்குங்கள். திருச்சிலுவை உற்சவத்தின் பழைய கொடிமரம் எங்கே நின்றது என்பதை வரும் செப்டெம்பரிலும் கேட்டுக்கொள்ளலாம். 1950களிலே முதல் வாய்க்காலில் நீர் வந்த நாளைக் கண்ணாற் கண்ட மனிதரிடம் அடுத்த மாரிக்குப் பின் கேட்க முடியுமென்று எவராலும் உறுதி கூற இயலாது. அவர்களுடைய அனுமதிப் பத்திரங்களைப் படம்பிடித்து, வாக்குமூலங்களை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து, ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்திலும், ஒன்றை ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்திலும், ஒன்றை வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும், மற்றொன்றைக் கடலிலிருந்து தொலைவிலே கண்டியிலோ பேராதனையிலோ வையுங்கள். பெயர்களைத் தர விரும்பும் பாடசாலைகள், இந்தக் கூட்டம் கலையுமுன் அவைத்தலைவரிடம் தந்து செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.